நாலு நிமிஷம்

விடிந்ததும், பல் விளக்குமுன்,
முப்பத்திரண்டு திருகு.
முப்பத்து மூன்றாவதில் லேசாக முரண்டும்.
அங்கே விட்டுவிட வேண்டும்.
பில் பாக்கிக்கு ஈடாக
இதைக் கழற்றி லெட்ஜர் மேல் வைத்த அன்று
பாதி இந்தியிலும் மீதி விரலாலும்
அவர் சொன்னது அது ஒன்றுதான்.

பதினேழாம் நம்பர். நிர்மல் மாஜி, பாங்குரா ஜில்லா.
மனைவி ஆஸ்பத்திரியில், முதுகெலும்பு வார்டு.
பதினோரு நாள் வாடகை,
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
முதலாளிக்கு என் சம்பளத்தில் கணக்கு நேரானது.
வாட்ச் என் கைக்கு வந்தது.
ஒரு வாரம் என்று நினைத்துத்தான் கட்டினேன்.
இது மூன்றாவது கத்திரி வெயில்.

முள்ளை நகர்த்திச் சரிசெய்தால்
மறுநாளைக்குள் நாலு நிமிஷம் பிந்தும்.
சித்திரை பிறந்துவிட்டால் ஐந்து.
வேலூர் வெயிலில் யார்தான் பிந்துவதில்லை.
"பீச்சாங்கையில ஒரு கெழவனக் கட்டிக்கினு
திரியிறியே சார்" என்பான் ரூம் பாய் தசரதன்.

போன் கேட்காமலே சொல்கிறது, நொடி பிசகாமல்.
இது கேட்டால்தான் சொல்லும்,
அதுவும் உத்தேசமாக.
ரத்தம் கொடுக்கப் போகிறவர்களை
நாலு மணிக்கு எழுப்பிவிட
போனைத்தான் நம்புகிறேன்.
வெறும்வயிற்றோடு ஒருவரை
வரிசையில் பின்னால் தள்ள
எனக்கு என்ன உரிமை?
அறையைக் காலி செய்யும் நேரத்துக்கு மட்டும்
இதைப் பார்ப்பேன்.
ஸ்டவ்வும் அரிசிப் பையும் எக்ஸ்ரே கவருமாக
படி இறங்குகிறவருக்கு
நாலு நிமிஷம் என்பது ஒரு மாடி.

பேர்ணாம்பட்டில் ஒரு கல்யாணம்.
மேஜை அறையில் மறந்துவிட்டுப் போனேன்.
திரும்பி வந்தால் இரண்டு பத்தில் நிற்கிறது.
பகல் இரண்டு பத்தா, ராத்திரியா,
அதற்கே தெரியவில்லை.
காதில் வைத்தேன். ஒன்றுமில்லை.
திருகினேன், மூன்றாவது சுற்றிலேயே
எதுவும் நடக்காதது மாதிரி கிளம்பிவிட்டது.
என் கைதான் கொஞ்ச நேரம் நடுங்கியது.

ராத்திரி டூட்டியில் கழற்றி வைக்கும்போது கவனித்தது:
முகம் மேலாகப் படுத்தால் கொஞ்சம் முந்தும்.
திருகாணி தரையைப் பார்க்க நின்றால் பிந்தும்.
அதனால் எழுந்து எழுந்து
புரட்டி வைக்கிறேன்.

இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டும்,
இல்லாவிட்டால் புண் வந்துவிடும்,
நர்ஸ் வருமுன் நானே புரட்டிவிடுவேன் என்று
இதே மேஜையில் சாய்ந்துகொண்டு
மனைவியைப் பற்றிச் சொன்னார்.
இதைப் பார்த்துத்தான் புரட்டியிருப்பார்.
கழற்றிக் கொடுத்த பிறகு
எதைப் பார்த்தாரோ.
கேட்டிருக்கலாம்.

நாலாம் மாதம் போனில் பணம் வந்தது,
ஒரு ரூபாய் குறையாமல். கூடவே இரண்டு வரி:
ரிவ்யூவுக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.
அதுவரை ஓடட்டும்.
தேதி போடவில்லை.
விலாசம் அனுப்புங்கள், கூரியரில் போடுகிறேன் என்றேன்.
இரண்டு நீல டிக்.
பிறகு அந்த நம்பரில்
வேறு யாரோ ஒரு பையனின் படம்.

ரிவ்யூ என்றால் அந்தம்மா இருக்கிறார் என்று அர்த்தம்.
ரிவ்யூ என்றால் இது என் கையைவிட்டுப் போகும் என்றும்.

ஹவுரா வண்டி காட்பாடிக்கு வந்த காலைகளில்
லாட்ஜ் வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும்.
பொரி மூட்டை, தகரப்பெட்டி,
தோளில் சாய்த்து இறக்கப்படும் யாரோ.
ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
சட்டையின் கை நுனியை இழுத்து
மணிக்கட்டை மூடுகிறது
என் வலது கை.

அதை அப்படியே மடித்து
முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு
லெட்ஜரைத் திறக்கிறேன்.