சங்கு

வடக்கு டகோட்டா, கோதுமை ஊர்.
ஆர்லன் ட்வெய்ட்டின் இரும்புக்கடை.
தீயணைப்புச் சங்கு கேட்டால்
போட்டது போட்டபடி ஓடுவார்.
ஆணி வாங்க வந்தவர்கள்
தாங்களே நிறுத்து, கல்லாவில் காசு போட்டு,
மீதியும் எடுத்துக்கொள்வார்கள்.
"ஒரு சென்ட் குறைந்ததில்லை" என்பார்
ஊரைப் பற்றிய பெருமையில்.
குறைந்ததுண்டு.
மார்விஸ் தன் முட்டைக்காசில் ஈடுகட்டுவாள்.

மகள் கல்யாணத்தில் பாதி நடனத்தில் ஓடியவர்.
அவரை ஜனவரியில் தூக்கினோம், ஆறு பேர்.
தேவாலயப் படியிறங்கையில் சங்கு.
பெட்டியைப் பனியில் வைத்துவிட்டு
நால்வர் ஓடினோம்.
ஸ்டென்ருட் வீட்டு மாட்டுக்கொட்டகை; கன்றுகள் பிழைத்தன.
புகைநாற்றத்தோடு திரும்பியபோது
மார்விஸ் நாற்காலி போட்டு அருகே உட்கார்ந்திருந்தாள்.
"சங்கு கேட்டும்
இவர் என்னோடு இருந்தது
இன்றைக்குத்தான்" என்றாள்.
பிறகு, "தூக்குங்கள், குளிர்கிறது."