நாலு ஜிபி

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய
விலையில்லா மடிக்கணினி என் கைக்கு வந்தபோது
அது திறந்து முடிக்கும் நேரத்தில்
நாகமலையிலிருந்து காளவாசல் போய்விடலாம்,
பஸ்ஸில் நின்றுகொண்டே.

விண்டோஸைத் துடைத்தேன்.
இன்பவல்லி தந்த பென்டிரைவ்,
டீ ஆறுவதற்குள் லினக்ஸ் ஏறிவிட்டது.
உள்ளே அலறிக்கொண்டிருந்த விசிறி நின்றது.
பக்கத்துக் கட்டிலிலிருந்து சமீமா நிமிர்ந்தாள்:
"என்னடி, செத்துப்போச்சா?"

சி லேப் ஓடியது. பைத்தான் ஓடியது.
என் தப்பைக்கூட வரி எண் போட்டு
மரியாதையாகச் சொன்னது.

ஆட்டோகேட் ஓடவில்லை.
ஓடவே இல்லை.
மூன்று ராத்திரி வைன் என்ற ஒன்றை
நிறுவிப் பார்த்தேன்.
("ராத்திரி பூரா வைன் போட்டேன்" என்று
நான் போனில் சொன்னது
விடுதிக் காப்பாளர் காதில் விழுந்தது
தனிக் கதை.)

புராஜெக்ட் அறிக்கை
என் திரையில் நாற்பத்தொரு பக்கம்,
மொக்கைச்சாமி சார் திரையில் நாற்பத்து நாலு.
மோட்டார் படம் அங்கிட்டு இங்கிட்டு அலைந்து
நன்றியுரைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.
"ஊரோட ஒத்துப் போகணும்மா.
இதை வச்சுப் படிக்க முடியுமா, முடியாதா?
ஒரே வார்த்தையில சொல்லு."

சமர்ப்பிப்பதற்கு முந்தின சாயங்காலம்
சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில்
பாதி வகுப்பு நின்றது.
கடைக் கணினியில் செருகிய ஒவ்வொரு பென்டிரைவும்
உள்ளே ஒற்றை ஷார்ட்கட்டோடு
வெளியே வந்தது.
நாலு மாச உழைப்பு, இரண்டு கேபி.
கடைக்காரர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்:
"உங்க பென்டிரைவுலதான் என்னமோ..."

பத்தரை மணிக்கு
என் கட்டிலைச் சுற்றிப் பதினோரு பேர்.
ஒவ்வொன்றாகச் செருகினேன்.
நான் ஒன்றும் செய்யவில்லை.
பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள்
எல்லாக் கோப்பும் சும்மா உட்கார்ந்திருந்தன,
ஒளிந்துகொள்ளச் சொன்னது
அவற்றின் காதில் விழாத மாதிரி.
சமீமா மட்டும் அழுதாள்,
அதுவும் கிடைத்த பிறகு.

அடுத்த வாரம் இணையவழித் தேர்வு.
உங்கள் இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை
என்றது சிவப்பு எழுத்து.
சமீமாவுக்குப் பத்து மணித் தேர்வு, எனக்கு இரண்டு.
எழுதி முடித்த சூட்டோடு
தன் லேப்டாப்பைக் கட்டில் விட்டுக் கட்டில் நீட்டினாள்,
சார்ஜரில் பல்லி எச்சம் இருக்கும்,
பார்த்துப் பிடி என்று.

ஆக, சார், முடியும்.
பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறவரை.

இப்போது அப்டேட் கேட்கிறது.
கடவுச்சொல் அடிக்கிறேன்.
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை, நட்சத்திரமும் இல்லை;
கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.
"அடிக்கிறியா, சும்மா தட்டுறியா?" என்கிறாள் சமீமா.
"அடிக்கிறேன்டி."