ஏறின டி

வெள்ளவத்தை. பதினான்கு மாடி.
நிலத்துக்குக் கீழே இரண்டாம் தட்டு,
கார்களும் இறங்காத இடம்.
படிவத்தில் அழுத்தத்துக்கென்று ஒரே ஒரு கட்டம்.
கேஜ் முள்ளோ ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் நடுவில்
நின்ற பாடில்லை.
ஆறு என்று எழுதுகிறேன்.
ஒவ்வொரு இரவும் ஆறு.
முள் ஆறில் நின்றதை ஒருநாளும் நான் கண்டதில்லை.

பகலில் இந்தப் பம்புக்கு ஒரு குறையும் இல்லை.
விடிய ஐந்தரைக்கு
அத்தனை குளியலறையும் ஒன்றாய்த் திறக்க,
தண்ணீர் வளைந்த வழியே வளைந்து போய்விடும்.
தொல்லை இரவு இரண்டு மணிக்கு.
ஆற்றையோ கழிப்பறைத் தொட்டி நூலாய் ஒழுகும்.
அந்த நூலுக்காக முழு வேகத்தில் சுற்றும்.
கேட்பாரில்லாத தண்ணீர்
தகட்டோரம் திரும்பி, வந்த வாயிலுக்கே பின்வாங்கி,
உள்ளே வருவதோடு முட்டிச் சுழலும்.
பாரம் கூடும்போதல்ல,
குறையும்போது நடுங்குகிற யந்திரம்.

பதினோராம் மாடியில் பர்னபாஸ்,
கோயில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர்,
சுவர் பாடுகிறது என்று முறையிட்டார்.
காதை வைத்தார்.
"டி. கொஞ்சம் ஏறின டி."
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.
நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று எண்பது சுற்று,
ஆறு தகடு,
செக்கனுக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி.
ஏறின டிதான்.

மனேஜர் லலந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்
கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கி வந்தார்.
முள் ஆறில் போய்ப் படுத்தது.
என் கையெழுத்து முதன்முறை உண்மையானது.
சுவர் பாடிக்கொண்டே இருந்தது.

ஞாயிறு, வால்வை மூடி, கூட்டைத் திறந்தோம்.
வெளியேறுகிற தண்ணீரையும் இன்னொரு சுற்றுக்குப் போகிறதையும்
பிரித்துவிடுகிற இரும்பு முனை.
அதற்குப் பெயர் நாக்கு.
நக அகல இடைவெளியில்
ஆறு விளிம்பும் அதைக் கடக்கும்,
கடக்கும்போதெல்லாம் ஓர் அறை.
நாக்கின் நுனி
புளி தின்ற பித்தளை மாதிரிப் பொத்தல் பொத்தலாய்.
பாஹிம் விரலால் தடவி, ஒன்றும் சொல்லாமல்
விரலைத் துடைத்தான்.

மருதானைப் பட்டறையில் தகட்டு விளிம்பைக் கடைந்தோம்.
சுற்றிவர நாலு மில்லிமீற்றர்.
வேறொன்றும் செய்யவில்லை.

திங்கள், பதினாலாம் மாடியிலிருந்து:
ஷவர் மெலிந்துவிட்டதாம்.
பர்னபாஸ் லிஃப்டில் இறங்கியே வந்தார்.
"சுருதி மாறவில்லை தம்பி.
அதே டி. குரல்தான் தாழ்ந்திருக்கு."
வேகம் மாறவில்லையே, தகடும் ஆறுதானே,
எப்படி மாறும் என்றேன்.
அவர் அதற்குள் பம்போடு சேர்ந்து
மூக்கால் முனகத் தொடங்கியிருந்தார்.

கட்டத்தில் இப்போது ஐந்தரை என்று எழுதுகிறேன்.
இரண்டு மணிக்கு, ஆளில்லாதபோது,
கிளிசரினைக் கழற்றிவிட்டு
லாச்சியிலிருக்கும் பழைய கேஜைப் பூட்டுவேன்.
நடுங்குகிறது, கொஞ்சம்.
ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்
பார்த்துக்கொண்டிருப்பேன்.