நூற்றைம்பது மணி நேரம்

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது:
படிக்கப் போகிறவனுக்கு நூற்றைம்பது மணி நேரம்,
சம்பளம் பிடிக்கக் கூடாது.
துரின் நகரத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க
வாயிலில் நின்று வாங்கியது.
கணக்குப் படிப்போம் என்று நினைத்திருப்பார்கள்.
நானும் கணக்குக்குத்தான் பெயர் கொடுத்தேன்.
அதில் இடமில்லை.

காருக்கு வண்ணம் அடிப்பவன் நான்.
வண்ணம்கூட இல்லை, அடிப்பூச்சு.
சாம்பல்.
சிவப்பும் நீலமும் அடுத்த கூண்டுக்காரர்கள் பாடு.
ஒன்பது வருடமாய்
மூக்கைச் சிந்தினாலும் சாம்பல்தான்.

மாலையில் பள்ளிக்கூடம்.
பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில்
முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தோம்.
ஆசிரியை ஓர்னெல்லாவுக்கு
என் கடைசித் தங்கை வயதுகூட இருக்காது.
"உங்கள் கையை வரையுங்கள்" என்றாள்.
அச்சு இயந்திரத்துக்கு இரண்டு விரலைக் கொடுத்திருந்த தொனாத்தோ
"முழுக் கையா டீச்சர், மிச்சக் கையா?" என்று கேட்டான்.
அவள் முகம் சுண்டிப் போயிற்று.
"அட, எனக்கு வேலை குறைவு, அவ்வளவுதான்"
என்று அவனே தேற்றினான்.
நாங்கள் அன்றே சிரித்தோம்.
அவள் சிரிக்க ஒரு வாரம் ஆயிற்று.

இருக்கைத் துணி தைக்கும் நுன்சியாத்தினா
ஒரு வட்டம் போட்டாள், அதன்மேல் இன்னொன்று,
இன்னொன்று, தாள் கிழிகிற வரைக்கும்.
என்ன இது என்றால்
"தெரியவில்லை. நிறுத்த மனசில்லை."

ஒரு ஞாயிறு அருங்காட்சியகம் போனோம்,
கல்யாணத்துக்குப் போடும் சட்டையோடு.
காவலாளி எங்கள் பின்னாலேயே வந்தார்.
அவரும் எங்களைப் போலத் தெற்கத்திக்காரர்,
பேச்சில் தெரிந்தது.
அதனால்தான் அத்தனை கண்டிப்பு.

வரைந்தவர் பெயர் மறந்துவிட்டது.
ஒரு பெண், ஒரு தட்டு, தட்டில் மீன்.
நானூறு வருடம் முந்தியது என்றார்கள்.
எல்லோரும் நேரே நின்று பார்த்தார்கள்,
பூசையில் நிற்பது போல.
எனக்கு அப்படிப் பார்க்க வரவில்லை.
கார்க் கதவைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்:
ஓரமாய்ப் போய், தலையைச் சாய்த்து,
விளக்கு வெளிச்சம் பரப்பை உரசிக்கொண்டு போகும்படி.

இருந்தது.
தட்டின் விளிம்புக்குக் கீழே
அரிசி நீளத்துக்கு ஒரு சொட்டு
வழிந்து, அப்படியே காய்ந்திருந்தது.

எங்கள் மேஸ்திரி கண்ணில் பட்டிருந்தால்
சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுத்
திருப்பி அனுப்பியிருப்பார்.
"டீச்சர், இந்த ஆளுக்கு அன்றைக்கு எண்ணெய் கூடிவிட்டது.
இல்லையென்றால் வெளிச்சம் போகிறதே என்று அவசரம்."
ஓர்னெல்லா குனிந்தாள்.
பரீட்சைக்காக இதைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதினாளாம்,
சொட்டைப் பார்த்ததில்லை.

அப்போதுதான் மீனின் வயிறு கண்ணில் பட்டது.
அந்த மினுக்கம் மேலே பூசியதில்லை.
மற்ற இடமெல்லாம் தடிப்பாய் வந்த கை
அங்கே மட்டும் பூசாமல் விட்டிருக்கிறது.
அடியிலிருந்து தெரிவது,
கேட்டால் நம்ப மாட்டீர்கள்,
சாம்பல்.
என் சாம்பல்.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"தள்ளி நில்லுங்கள்" என்று ஓடி வந்தார் காவலாளி.
வந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டி
"எங்கே?" என்றார்.
காட்டினேன்.
பதினோரு வருடமாய் இந்த அறையில் நிற்கிறாராம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடியும் பார்த்தார்.
தொனாத்தோ மூன்று விரலால் அவர் முதுகைத் தட்டி
"தள்ளி நில்லுங்கள், சார்" என்றான்.

திங்கள் காலை ஆறு மணிக்குக்
கூண்டுக்குள் போனேன்.
முகமூடி, கையுறை, தெளிக்கும் துப்பாக்கி.
முதல் கார் தொங்கிக்கொண்டு வந்தது.
அடித்தேன்.
ஈரம் மாறாத சாம்பலில் விளக்கு வரிசை
மீன் முதுகு மாதிரி நெளிந்து ஓடியது.
பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்,
அடுத்தது மோத வரும்வரை.

மேஸ்திரி கத்தினார்.
கத்தட்டும்.
நூற்றைம்பதில்
இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் பாக்கி.