மூன்றடி ஒழுங்கை

கருத்தரங்கில் ஒரு படம் போட்டார்கள்:
"விவசாயத்தில் இளையோருக்கான பாதைகள்."
பச்சை அம்புக்குறிகள் ஆறு.
ஆறுமே மேலே போயின.
நான் குறிப்பெடுத்தேன். பானுஜன் ரோல்ஸ் சாப்பிட்டான்,
எனக்கும் ஒன்றைக் கடதாசியில் சுற்றி வைத்திருந்தான்.

என் பாதை நீர்வேலியில்,
ஒரு மதிலுக்கும் ஒரு கிடுகுவேலிக்கும் நடுவே
மூன்றடி.
சைக்கிளை உருட்டலாம். ஏறி ஓடினால் முழங்கை தேயும்.
முடிவில் நாலு பரப்புச் செம்மண்,
பங்குக் கிணறு,
செவ்வாயும் வெள்ளியும் எனக்குத் தண்ணி முறை.

காணிக்காரர் ஸ்காபரோவில்.
குத்தகையை வட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டோம், ஒரு வருசத்துக்கு.
"பிறகு பாப்பம் பிள்ளை" என்ற குரலுக்குப் பின்னால்
பனி வழிக்கிற சத்தம்.
ஒரு வருசம் என்றால் வெங்காயம்.
ஒரு வருசம் என்றால் பீற்றூட்.
தேசி நாலு வருசம் கேட்கும்.
பண்ணையில் மலிவாய்க் கிடைத்த ஒரு கன்றை
பையோடு கிணற்றடியில் வைத்தேன், சும்மா.

லான்ட்மாஸ்டர்காரர் ஒழுங்கை வாசலில் நின்று
தலையைச் சொறிந்தார்:
"உதுக்கை என்னண்டு பிள்ளை?"
ஆகவே மண்வெட்டி. ஆகவே இரட்டைக் கூலி.
ஆகவே முப்பத்திரண்டு மூட்டை மாட்டெருவை
நானும் பானுஜனும் தலையில் சுமந்தோம்.
டிப்ளோமாவில் நாலு அரையாண்டு படித்தேன்,
கழுத்தைப் பற்றி ஒரு பாடமும் இருக்கவில்லை.

வங்கிப் படிவத்தில் தொழில் என்றொரு கட்டம்.
'விவசாயம்' என்று எழுதினேன்.
அதிகாரி அதை வெட்டி, மேலே
'வேலை தேடுபவர்' என்று போட்டார்.
"இப்பிடிப் போட்டாத்தான் தங்கச்சி
இளையோர் திட்டத்துக்குள்ளை வரும்."
கேட்டதில் பாதி வந்தது.
என் காணியில் ஓடுவது
வேலை தேடுகிற ஒருத்தியின் வோட்டர் பம்ப்.

திண்ணைவேலிச் சந்தையில்
நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழித்தார்கள்.
ஏன் என்று கேட்டேன்.
"வழமை."
வேறொரு தராசில் கேட்டேன்.
அங்கேயும் அதுதான் பெயர்.
வீடு வந்து கணக்குப் பார்த்தபோது
சந்தை தின்றதைவிட
ஒழுங்கை தின்றது அதிகமாயிருந்தது.

கிடுகுவேலிக்காரர் தவநேசன், பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர்.
அவருடைய கிணறு உவர்.
கோழிகூடக் கொத்திவிட்டுத் தலையை உதறும்.
வேலியடைக்கிற மாதத்தில் போய்க் கேட்டேன்:
இரண்டடி உள்ளே தள்ளிப் போடுவீர்களா?
அவர் மறுகேள்வி கேட்டார்:
வெள்ளி பின்னேரத் தண்ணியைத் தருவீரோ?

அன்றிரவு கொப்பியில் கீறிப் பார்த்தேன்.
தண்ணி குறைந்தால் நாலு பரப்பு மூன்றாகும்.
லான்ட்மாஸ்டர் வந்தால் மூன்று பரப்பு
நாலைவிடக் கூடத் தரும்.
அழிறப்பரால் இரண்டு முறை அழித்தும்
அதே விடைதான் வந்தது.
விதானையாருக்கு முன்னால் கையெழுத்து வைத்தோம்.
பாதை விட்ட கடதாசி
என் பெயரில்.

ஐந்தடி ஒழுங்கையால் லான்ட்மாஸ்டர் உள்ளே வந்த அன்று
பானுஜன் படம் எடுத்துப் போட்டான்.
மூன்றாம் நாள் ஸ்காபரோவிலிருந்து குரல்:
"பாதை அகண்டிட்டுதாம், நல்ல விசயம்.
காணியை ஒரு ஆள் கேக்குது.
இந்த வருசத்தோடை முடிப்பம் பிள்ளை."

வெங்காயத்துக்குள் குந்தியிருந்து கேட்டேன்.
திரும்பவும் கேட்டேன்.
ஆறு அம்புக்குறியில் எதிலும்
இந்த வளைவு இருந்ததாய் ஞாபகம் இல்லை.

பிறகு விரலால் அமத்திப் பிடித்துச் சொன்னேன்:
"அண்ணை, காணி உங்கடை. நான் இல்லையெண்டேல்லை.
பாதை என்ரை பெயரிலை கிடக்கு.
ஐஞ்சு வருசத்துக்கு எழுதித் தாங்கோ,
பிறகு விலை பேசுவம்."
குரல் நடுங்கியது. அழித்துவிட்டுத் திரும்பச் சொன்னேன்.
அதிலும் நடுங்கியது. அதையே அனுப்பினேன்.

அங்கே இப்போது சாமம் கழிந்திருக்கும்.
என்றாலும் நீலக்கோடு இரண்டும் விழுந்தன.
பதில் இல்லை.

வெள்ளி, மதியம் பன்னிரண்டு. என் முறை முடிந்தது.
குழாய் வாயைத் தவநேசனின் பக்கம் திருப்பிவிட்டு
கால் கழுவக் குனிந்தபோது கண்டேன்,
தேசிப் பையின் அடியில் ஒரு ஓட்டை.
வெள்ளையாய் ஒரு வேர்
என்னைக் கேட்காமல்
மண்ணுக்குள் போயிருந்தது.