ஒழுகல்

டிரிப்பிங் என்றாள் கிளெண்டா.
நான் குழாயைப் பார்த்தேன்.
குழாய் ஒழுகவில்லை. கூரையும் இல்லை.
பாட்லி நகரத்து மழை
குடையை மடக்கத் தெரியாத ஆளைப்போல
வாசலோடு நின்றிருந்தது.

வாளி மூடியைத் திறந்து காட்டினாள்.
வெள்ளையாய், கட்டியாய்,
சூடத்தை யாரோ மிகையாகச் செய்துவிட்டதுபோல் ஒன்று.
"மாடு. வாட்டும்போது சொட்டியது."
பெயர்க்காரணம் அவ்வளவுதான்.
அவள் வீட்டில் ஞாயிறு இறைச்சி முடிந்தால்
திங்கள் காலை அதைப் பாணில் தடவி
உப்புத் தூவித் தின்பார்களாம்;
அடியில் படியும் பழுப்புக் களிக்குத்தான்
பிள்ளைகளுக்குள் அடிதடி.

பொரிசட்டியில் அது உருகுகிற நேரம்
நான் அதற்குத் தமிழ் தேடினேன்.
எண்ணெய் என்றால் எள்ளுக்குப் பொய்.
நெய் என்றால் விளக்குக்கு.
நிணம் என்றால் பேய்கள் பந்தி போட்ட போர்க்களம்,
வினிகர் வாசத்தில் அது நிற்காது.
கொழுப்பு சரிதான்,
ஆனால் கல்லாவில் நின்றுகொண்டு
"கொழுப்பா?" என்று யாரைக் கேட்பது,
அடி வாங்காமல்?
ஒழுகல் என்று வைத்தேன்.
பின்னாலேயே ஒழுக்கமும் வந்து நின்றது.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே ஓட்டை.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குப்
புஷ்பகாந்தன் அண்ணர் வருவார்.
திருநீறு மழையில் பாதி கரைந்திருக்கும்.
"இண்டைக்கு மச்சம் இல்லைத் தம்பி.
கிழங்கு மட்டும்."
ஏழு வெள்ளி அள்ளிக் கொடுத்தேன்.
எட்டாம் வெள்ளி கரண்டி கனத்தது.
"அண்ணை, இது பொரியிறது மாட்டின்..."
என்று தொடங்கி,
நானே வைத்த சொல் நாக்கில் உறைந்து,
கடைசியில்
டிரிப்பிங் என்றேன்.

அவர் குழாயைப் பார்க்கவில்லை.
என் தலைக்கு மேலே
கொட்டை எழுத்தில் அதையே சொல்லும்
கிளெண்டாவின் பலகையைப் பார்த்தார்.
"இருபத்திரண்டு வருசம் இந்த ஊரிலை.
எனக்கு வாசிக்கத் தெரியாதோ?
ஒரு தமிழ் வாய் சொல்லும்வரைக்கும்
அது கிழங்குதானே, தம்பி."

பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

கடை பூட்டியபின் நின்றபடியே அதைத் தின்றேன்.
ஆறிப்போயிருந்தது.
விரல் நுனிகளில் மெல்லிய வெள்ளைப் படலம்;
இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை வருகிறார்.
மீனும் வாங்குகிறார்.
உப்பு மட்டும் கொஞ்சம் கூடக் கேட்கிறார்.