பீடோங், பதினேழாம் நிரை

உரக்குழி வெட்டிய ஷஹீனின் மண்வெட்டி
டங்கென்றது.
செங்கல்.
அதன்கீழ் இன்னொன்று. அதற்கும் கீழே
விரல் நுழையும் மண்குழல்,
வாயில் ஆறிய வெல்லப்பாகாய் இரும்புக் கசடு.

மண்டோர் முனியப்பன் பிடரியைச் சொறிந்தார்:
"அதான் இந்தச் செம்பனை காய்க்கல."

இங்கே கப்பல் நின்றதாம்.
இப்போது கடலுக்கு
லோரியில் அரைமணி.

கடாரம் என்று பள்ளியில் படித்தேன்,
வென்றவன் பெயரோடு.
உலை ஊதிய ஆள்
பரீட்சையில் வரவில்லை.

குழலைக் கழுவித் திருப்பினேன்:
ஈரமாய் இருந்தபோது அழுந்தி
அப்படியே வெந்துபோன
ஒரு கட்டைவிரல்.
என்னுடையதை வைத்துப் பார்த்தேன்,
பொருந்தவில்லை. சிறியது.
பெண்ணோ, பையனோ.

மாலை, கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
நிரை பதினேழு. ஆறு குழி குறைவு.
காரணம்: கல்.